சாலை விபத்தில் உயிர் போனால் இழப்பீடு யார் யார் கேட்கலாம்?

மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் கேட்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகிப் போன மகள், மருமகன் வீட்டிலேயே இருந்த மாமியார், அண்ணன் சம்பாத்தியத்தில் படித்துக்கொண்டிருந்த தம்பி இவர்களைத்தான் "உனக்கு இதில் ஒன்றும் இல்லை" என்று சொந்தக்காரர்களே ஒதுக்கிவிடுகிறார்கள். அதை நம்பி விலகிவிடாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி இறந்தவரின் சட்டப் பிரதிநிதிகள் மனு போடலாம். வாரிசு சான்றிதழில் பெயர் இருந்தால்தான் முடியும் என்றில்லை. உடன்பிறந்தவர் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது, மணமான மகளுக்கு 2007-ல், மணமாகிச் சம்பாதிக்கும் மகன்களுக்கு 2020-ல், மருமகனை நம்பி அவரோடு வாழ்ந்த மாமியாருக்கு 2021-ல் என்று தீர்ப்புகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் மனு போடும் உரிமை வேறு, கிடைக்கும் தொகை வேறு. இறந்தவரின் வருமானத்தை யார் எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்பதை, வாகன விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் பார்க்கும். அதனால் ஒரே முகவரி காட்டும் ரேஷன் கார்டு, அவர் பணம் அனுப்பிய பேங்க் பாஸ்புக், கட்டிய ஃபீஸ் ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போடுவதுதான் நல்லது. யாராவது சேர மறுத்தால், அல்லது மாமியார் மருமகளுக்குள் பேச்சே இல்லை என்றால், சேராதவரை எதிர்மனுதாரராக, அதாவது மனுவில் எதிர்த் தரப்பாகக் காட்ட வேண்டும், பெயரையே மறைத்துப் போட்டால் பின்னால் சிக்கல்தான். மைனர் பிள்ளைகளுக்காகத் தாயோ காப்பாளரோ கையெழுத்திடலாம், அவர்கள் பங்கைப் பெரும்பாலும் வயது வரும்வரை பேங்க் டெபாசிட்டில் வைக்கச் சொல்வார்கள். கணவனை இழந்த பெண் மறுமணம் செய்துகொண்டால் உரிமை போய்விடும் என்று யாராவது மிரட்டினால் அது பொய், போகாது.

விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ், வருமான ஆதாரம் வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் இருக்கிறது, துக்கத்தில் நாள் ஓடிவிடும், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். கெடு தாண்டியிருந்தாலும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால் வழி வேறு. அப்போது கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும்.