போர்முனையிலிருந்து வந்த ஜப்பானியக் கொடியை உரிய வீட்டுக்கு அனுப்புவது எப்படி?

வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு வட்டம், சுற்றிலும் தூரிகை எழுத்து. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் சண்டையிட்ட அமெரிக்க வீரர்கள் பலர் இப்படியொரு கொடியை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அவை பரணில் கிடக்கின்றன, ஏலத்துக்கும் வருகின்றன. யோசெகாகி ஹினோமாரு என்று பெயர். போருக்குப் புறப்படும் பையனுக்கு உறவினரும் ஊராரும் பெயரெழுதிக் கொடுத்தது அது. உங்கள் கைக்கு ஒன்று வந்தால், தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். இப்படிச் செய்யுங்கள்.

1. துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். பழைய பட்டு மடிப்பிலேயே விண்டுபோகும். சுத்தமான வெள்ளை விரிப்பில் மெதுவாகப் பிரித்து வையுங்கள். கறை இருந்தால் இருக்கட்டும்.

2. ஃபிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். முழுக்கொடி ஒன்று, பிறகு பகுதி பகுதியாக, பின்பக்கமும் சேர்த்து.

3. எழுத்தைப் பாருங்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் சிலதை அடையாளம் காணலாம். தடித்த நான்கு எழுத்துகள் பெரும்பாலும் ‘புஉன் சோக்யூ’, அதாவது போரில் நற்பேறு நீடிக்கட்டும் என்ற வாழ்த்து. ஓரமாகச் சற்றுப் பெரிதாக உள்ள பெயர் அந்த வீரனுடையதாக இருக்கலாம். அந்தப் பெயரின் முடிவில் பெரும்பாலும் ‘குன்’ என்ற ஒட்டு வரும். சிவப்பு முத்திரை இருந்தால் அது கோயில் முத்திரையாக இருக்கலாம். ஊரைக் கண்டுபிடிக்க நல்ல துப்பு அதுதான், தெளிவாகப் படமெடுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியை நம்பாதீர்கள், தூரிகைக் கையெழுத்தில் அது தடுமாறும்.

4. கொடியைக் கொண்டுவந்தவர் சொன்னதையெல்லாம் எழுதிவையுங்கள்: எந்தத் தீவு, எந்தப் படைப்பிரிவு, எப்படிக் கிடைத்தது. பலர் விட்டுவிடும் படி இது. ஆனால் குடும்பத்துக்குக் கொடியைப் போலவே இதுவும் வேண்டும். கடல்கடந்து இறந்த சுமார் 24 லட்சம் ஜப்பானியரில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் இன்னும் வீடு திரும்பவில்லை. 1944இல் சைபான் தீவில் இறந்த ஒருவரின் வீட்டுக்கு அரசு அனுப்பிய மரப்பெட்டியில் சில கற்கள்தான் இருந்தன. அவர் கொடியை எடுத்துவந்த அமெரிக்க மரீன் வீரர் 2017இல், தம் 93ஆம் வயதில், கிஃபு மாகாணத்தின் மலைக்கிராமத்துக்கு நேரில் போனார். உடலில் காயம் தெரியவில்லை, தூங்குவதுபோல் கிடந்தார் என்று இறந்தவரின் தம்பியிடம் சொன்னார். அண்ணன் எப்படி இறந்தார் என்பது அந்த வீட்டுக்கு அன்றுதான் தெரிந்தது. தம்பி கொடியில் முகம் புதைத்து முகர்ந்தார்.

5. படங்களையும் குறிப்பையும் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், அஸ்டோரியாவில் உள்ள ஓபோன் சொசைட்டிக்கு அனுப்புங்கள். 2009 முதல் இதே வேலையாக இருக்கிறார்கள். பெயர்களைப் படித்து குடும்பத்தைத் தேடுவார்கள், குடும்பத்திடம் பணம் வாங்குவதில்லை. தேடல் நீளலாம். அதுவரை கொடியைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டாதீர்கள், வெயில் மையை வெளுக்கவைக்கும். அமிலமில்லாத தாளோடு சேர்த்துத் தளர்வாகச் சுருட்டி, இருட்டான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.