கோடையில் சமூகவியல் எடுக்கிறவர்களுக்கு

கலிபோர்னியாவில் படிப்பவர்கள் சமூகவியல் அறிமுகப் பாடத்தைக் கோடையிலேயே கம்யூனிட்டி காலேஜில் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) முடித்துவிடலாம். மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட்) 46 டாலர். மூன்று யூனிட் பாடம் 138 டாலர், சில்லறைக் கட்டணங்கள் தனி. உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று அசிஸ்ட் இணையதளத்தில் (இந்தக் கல்லூரிப் பாடங்களில் எவற்றை மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் எனக் காட்டுவது) முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுலபமான பாடம்தானே என்று முழுநேர வேலையோடு சேர்த்து எடுக்காதீர்கள். பதினாறு வாரப் பாடம் ஆறு வாரத்தில் ஓடும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் கிட்டத்தட்ட மூன்று வாரப் பாடம் போச்சு.

அதனால் வகுப்பு தொடங்கும் முன்பே ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற நிறுவனம் இணையத்தில் தரும் இலவச சமூகவியல் பாடநூலை இறக்கி, முதல் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். செயற்பாட்டியம், முரண்பாட்டுக் கோட்பாடு, குறியீட்டு இடைவினைவாதம் என்ற மூன்று பார்வைகள் அதில் வரும். குடும்பம், மதம், பள்ளிக்கூடம் என்று பின்னால் எது வந்தாலும் பெரும்பாலும் இந்த மூன்றை வைத்துத்தான் அலசுவார்கள். பள்ளிக்கூடத்தையே எடுங்கள்: சமூகவியலாளர் துர்கைம் வழி வந்த செயற்பாட்டியர்கள் அது சமூகத்தை இணைக்கிறது என்பார்கள், மார்க்ஸ் வழி வந்த முரண்பாட்டுக் கோட்பாட்டினர் அது ஏற்றத்தாழ்வை அப்படியே அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறது என்பார்கள். மூன்றாமவர்களுக்கோ 'மக்கு' என்று ஆசிரியர் ஒட்டும் பெயர் மாணவனை என்ன செய்கிறது என்பதே கேள்வி. எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவது பார்வைதான்.

அப்புறம், பணம் திரும்பக் கிடைக்கும் விதத்தில் விலகக் கடைசி நாள் கோடையில் சீக்கிரமே வந்துவிடும். சேரும்போதே அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.