கரையைச் சாய்த்தால் கொக்கு வரும்

பூங்காக் குளத்தைச் சீரமைக்க என்னைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை அடி தோண்டலாம்?" என்றுதான். ஆழம் கிடக்கட்டும் என்று நான் கரையைப் பார்க்கப் போய்விடுவேன். சுற்றிலும் கல் பதித்துச் செங்குத்தாக நிற்கிற கரை என்றால் அது குளமே இல்லை, பெரிய தண்ணீர்த் தொட்டி. அதில் மீன் இருக்கும், வாத்து மிதக்கும். கொக்கு கால் ஊன்ற இடம் இருக்காது.

கால் நனையும் அளவுத் தண்ணீரில்தான் கொக்கு இரை தேடும். சின்ன உள்ளான்களுக்கு ஒரு சாண் தண்ணீரே அதிகம், அவை ஈரச் சேற்றைக் கிளறுகிறவை. வெயிலில் சட்டென்று சூடேறும் ஓரத் தண்ணீர் தலைப்பிரட்டைகளுக்குத் தோது. தட்டான் இளம் பருவத்தைத் தண்ணீருக்குள் கழித்துவிட்டு, தோலுரித்துப் பறக்க ஒரு கோரைத் தண்டைப் பிடித்துத்தான் மேலே ஏறுகிறது. எல்லாமே ஓரத்து விவகாரம்.

இயந்திரத்தைக் கொண்டுவர அவசரப்பட வேண்டாம். ஒரு குச்சியை நட்டு, மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது, கோடையில் எதுவரை இறங்குகிறது என்று குறித்து வையுங்கள். அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் பட்டைதான் உங்கள் வேலைக்களம். கூடவே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் தேடுங்கள். சாக்கடை கலந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் மற்றதைச் செய்வது வீண்செலவு. தெருவில் ஓடிவரும் மழைநீர் என்றால், குளத்துக்குள் விழும் முன் வண்டலும் குப்பையும் தங்க ஒரு சிறு பள்ளம் வெட்டி, அதை மட்டும் அடிக்கடி அள்ளுங்கள்.

சரி, இப்போது கரை. ஒரு மீட்டர் இறக்கத்துக்குப் பத்து மீட்டர் நீளம் கொடுங்கள். இடமில்லை என்றால் ஐந்து. நான்கு பக்கமும் முடியாவிட்டால் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு பக்கத்தையாவது சாயுங்கள். விளிம்பை நேர்கோடாக இழுக்காமல் உள்ளும் வெளியுமாக வளைத்தால் அதே குளத்துக்கு ஓரம் கூடும். ஓரிடத்தில் மட்டும் செங்குத்தான மண்கரையை விட்டுவையுங்கள், மீன்கொத்தி அதில்தான் வளை தோண்டும். கோடையில் மீனும் ஆமையும் ஒதுங்க நடுவில் ஒரு ஆழமான குழி போதும்.

தூர் வாரும்போது ஒரே மூச்சில் மொத்தத்தையும் வழித்துவிடாதீர்கள். இந்த ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு மீதி. மிச்சமிருக்கும் பாதியிலிருந்துதான் நத்தையும் பூச்சியும் திரும்பிப் பரவும். சாக்கடை படாத மேல்சேறாக இருந்தால் தனியே எடுத்துவைத்து, புதுச் சரிவில் மெல்லிசாகப் பரப்புங்கள். பல வருடமாக உறங்கும் விதைகள் அதில் இருக்கும், நாற்று வாங்கும் செலவு குறையும். ஆனால் ஆகாயத்தாமரை மண்டிய இடத்துச் சேறு வேண்டாம், அதன் விதையும் அப்படித்தான் காத்திருக்கும். சம்பு என்ற உயரமான நீர்ச்செடிக்கு இடம் கொடுத்தால் அது சரிவு முழுவதையும் மூடிவிடும். தண்டைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெட்டினால் வேருக்குக் காற்று போகாமல் அடங்கும்.

அப்புறம் கொசுப் புகார். அது வந்தே தீரும். உடனே யாராவது கொசு மீனை வாளியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். தடுத்துவிடுங்கள், அது தலைப்பிரட்டையையும் தின்னும். கொசுப்புழுவைத் தின்ன தட்டான் இளசுகளும் நீர்வண்டுகளும் இருக்கின்றன. டெங்கு பரப்பும் கொசு வளர்வது பெரும்பாலும் பூங்காவில் கிடக்கும் கோப்பை, பாட்டில், டயர்களில் தேங்கும் தண்ணீரில். பொறுக்க வேண்டியது அவற்றை. குளத்தின் பக்கத்திலேயே கோடையில் முழுக்க வற்றிப்போகும் ஒரு சிறு பள்ளமும் விடுங்கள். மீன் தங்காத அந்தப் பள்ளம் தவளைகளுக்குப் பிரசவ வார்டு.

தவளையையோ ஆமையையோ வேறு குளத்திலிருந்து பிடித்து வந்து விடவே கூடாது. தவளைகளைக் கொல்லும் பூஞ்சை நோய் அப்படித்தான் இடம் மாறும். பக்கத்தில் எங்காவது இருந்தால் அவையே வரும். தட்டானுக்கு அழைப்பே தேவையில்லை.

புல்வெளியைத் தண்ணீர் வரை மழித்து உரம் போடும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த உரம் குளத்தில் இறங்கிப் பாசியாகத்தான் எழும். வாத்துக்கு ரொட்டி போடுவதும் அதே கணக்குதான். ஆனால் கோரை உயரமாக வளர்ந்தால், "பராமரிப்பே இல்லை" என்று நடைப்பயிற்சி ஆட்கள் முணுமுணுப்பார்கள். இதற்கு நான் கையாளும் வழி: நடைபாதையை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்கு மட்டும் ஒழுங்காக வெட்டிவிடுவது. அந்தப் பட்டையைப் பார்த்தாலே யாரோ கவனிக்கிறார்கள் என்று புரிந்துவிடும், புகார் குறையும். தண்ணீர்ப் பக்கம் விளக்கு வேண்டாம். பட்டமரம் யார் தலையிலும் விழாத இடத்தில் இருந்தால் வெட்டாதீர்கள், நீர்க்காகம் இறக்கை காயவைக்கட்டும்.

பறவைகள் கூடு கட்டாத பருவம் பார்த்து ஆண்டுக்கு ஒருமுறை கோரையை வெட்டுங்கள், அதுவும் மூன்றில் ஒரு பங்கு மட்டும். வெட்டியதை இரண்டு நாள் கரை ஓரத்திலேயே போட்டுவையுங்கள். அதில் ஒட்டியிருக்கும் உயிர்கள் தண்ணீருக்குள் இறங்கிய பிறகு அள்ளிக் குளத்தை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் மட்கப் போடுங்கள்.