"முதல்ல எனக்கு, அப்புறம் உனக்கு": ஆஸ்திரேலியா வந்த பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் ரெஜிஸ்டர்டு நர்ஸாக இருக்கிறேன். புதிதாக வருகிற தமிழ்க் குடும்பங்கள் டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் வீடு பிடித்த கையோடு யார் மூலமாவது என் நம்பரை வாங்கிவிடுகிறார்கள். "அக்கா, ஒரு சின்ன சந்தேகம்" என்றுதான் போன் ஆரம்பிக்கும். அது ஒருநாளும் சின்னதாக இருந்ததில்லை. நாங்கள் வந்த காலத்தில் அடித்த கூத்துகளையே இவர்களும் வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டாக்ஸ் நம்பர் வாங்குங்கள், மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் பதியுங்கள், ஜூலை குளிருக்கு நல்ல ஜாக்கெட் எடுங்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். விட்டுவிடுகிறேன். நான் சொல்வது நியூ சவுத் வேல்ஸ் நடைமுறை. மற்ற மாநிலங்களில் சிலது மாறும்.

மனைவியின் படிப்பைப் பரணில் போடுவது

ஸ்கில்டு விசாவுக்குப் புள்ளி சேர்க்கும்போது வீட்டுக்காரம்மாவின் படிப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும். கூட வரும் துணைக்குத் தொழில் மதிப்பீடும் ஆங்கிலமும் இருந்தால் 10 புள்ளி. அந்தப் 10 புள்ளிக்காக மனைவியைப் பரீட்சை எழுத வைத்து, சான்றிதழ்களைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். விமானம் சிட்னியில் இறங்கியதும் அதே படிப்பு பரணில் ஏறிவிடுகிறது.

"முதல்ல எனக்கு வேலை செட் ஆகட்டும், அப்புறம் உனக்குப் பார்த்துக்கலாம்."

எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சுதான். சொல்கிற தம்பி கெட்டவர் இல்லை. இங்கே வாடகை வாரக் கணக்கு, கொண்டுவந்த பணம் கண் முன்னால் கரையும், கைக்குழந்தை வேறு. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த 'அப்புறம்' எந்த மாதம் என்று யாரும் காலண்டரில் குறிப்பதில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துத் தங்கை ஒருத்தி. பி.எஸ்சி. நர்ஸிங், ஊரில் பெரிய தனியார் மருத்துவமனையில் ஆறு வருஷம் ஐ.சி.யூ. கணவர் ஐ.டி. இங்கே வந்ததும் யாரோ சொன்னார்கள் என்று முதியோர் பராமரிப்புக்கான சர்டிஃபிகேட் 3 படிப்பை முடித்து, எங்கள் இல்லத்தில் ஏ.ஐ.என். என்கிற நர்ஸிங் உதவியாளராகச் சேர்ந்தாள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவதுதான் அவர்கள் வேலை. ஒரு நைட் ஷிஃப்டில் ஒரு பாட்டிக்கு மூச்சு சரியில்லை என்று என்னைக் கூப்பிட்டாள். நான் போய்ச் சேருவதற்குள் தலைமாட்டை உயர்த்தி, நாடி, காய்ச்சல், ஆக்ஸிஜன், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எல்லாம் எடுத்துக் கையுறையின் மேல் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். "அக்கா, செப்சிஸ் மாதிரி தெரியுது, ஆம்புலன்ஸ் கூப்பிட்டுடலாம்" என்றாள். அவள் சொன்னது சரி. அவ்வளவு தெரிந்தவளுக்கு இங்கே தன் பொறுப்பில் ஒரு பாரசிட்டமால் கொடுக்க உரிமை கிடையாது.

அவள் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தபோது ஊரில் வேலையை விட்டு ஐந்து வருஷம் தாண்டிவிட்டது. நர்ஸிங் போர்டின் விதிப்படி கடைசி 5 வருஷத்துக்குள் குறைந்தது 450 மணி நேரமாவது நர்ஸாகப் பணியாற்றியிருக்க வேண்டும். முழுநேர வேலையில் அது மூன்று மாதம்கூட ஆகாது.

"இத்தனை வருஷமா முதியோர் இல்லத்துலதானேக்கா இருக்கேன்?"

சேராது. பதிவு பெற்ற நர்ஸாக இருந்து செய்த மணி நேரம்தான் கணக்கு. ஏ.ஐ.என். வேலை ஆயிரக்கணக்கான மணி நேரம் பார்த்திருந்தாலும் அந்தக் கட்டத்தில் பூஜ்யம்தான் போட வேண்டும். ஆறு வருஷ ஐ.சி.யூ. அனுபவம் சத்தமில்லாமல் காலாவதியாகியிருந்தது. அவள் அழவில்லை. "எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா" என்றாள். எனக்கு அன்று வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அவள் மேல் இல்லை. கார் வாங்க எந்த மாடல், எந்த டீலர் என்று மாதக்கணக்கில் அலசிய வீட்டில், அவள் பதிவுக்குக் கெடு இருக்கிறதா என்று ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லையே என்றுதான்.

இப்போது இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நர்ஸிங்கை மறுபடி படிக்கிறாள். பக்கத்து நாற்காலியில் பள்ளி முடித்து வந்த பிள்ளைகள். பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் விசா) என்பதால் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிப் படிக்கிறாள். அது தனிக் கதை, கீழே வருகிறது.

450 மணி நேரத்தோடு விஷயம் முடியவில்லை. விசாவுக்காக எழுதிய பி.டி.இ. ஆங்கிலத் தேர்வு மார்க் பத்திரமாக இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விசாவுக்கு அது 3 வருஷம் செல்லும். சுகாதாரத் தொழில்களுக்கான பதிவு அமைப்பான ஆப்ராவுக்குப் பொதுவாக 2 வருஷம்தான். பால்குடி மறக்காத குழந்தையை வைத்துக்கொண்டு மறுபடி பரீட்சைக்குப் படிக்கிற அவஸ்தை ஏன்?

அடுத்தது பணிச் சான்று. நம் ஊர் மருத்துவமனை தருகிற கடிதம் எனக்கு மனப்பாடம். லெட்டர்பேடில் நாலு வரி: இன்னார் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை ஸ்டாஃப் நர்ஸாக இருந்தார், நடத்தை நன்று, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். கீழே ரப்பர் ஸ்டாம்ப். வாழ்த்தை வைத்து இங்கே ஒன்றும் செய்ய முடியாது. எந்த வார்டு, முழுநேரமா பகுதிநேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன பொறுப்பு, கையெழுத்துப் போட்டவர் பெயர், பதவி, அலுவலக மின்னஞ்சல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கிளம்பும் முன் நேரில் போய் நின்றால் அரை நாள் வேலை. ஐந்து வருஷம் கழித்துக் கேட்டால் அந்த நர்ஸிங் சூப்பரின்டெண்டென்ட் ரிட்டயர் ஆகியிருப்பார், நிர்வாகம் கைமாறியிருக்கும், போனை எடுக்கிற பெண்ணுக்கு உங்களை யாரென்றே தெரியாது. கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவதையும் அந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பதிவில் குறை எதுவும் இல்லை என்கிற குட் ஸ்டாண்டிங் சான்றை மட்டும் முன்னாலேயே வாங்கி வைக்க முடியாது. விண்ணப்பிக்கிற நேரத்தில் நர்ஸிங் கவுன்சிலே நேராக அனுப்ப வேண்டும். அதனால் ஊர்ப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

பாதை இப்போது முன்பைவிடத் தெளிவு. ஆப்ரா தளத்தில் தகுதியைச் சரிபார்த்து, ஆவணங்களைக் கொடுத்து, என்க்ளெக்ஸ் என்ற கணினித் தேர்வை எழுதி, பிறகு நேரில் போய் ஆஸ்கி செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். என்க்ளெக்ஸை இந்தியாவில் இருக்கும்போதே எழுதிவிடலாம். இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை: சிங்கப்பூர், பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா போன்ற சில இடங்களில் பதிவு பெற்ற நர்ஸாக 2017க்குப் பிறகு 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் இந்தத் தேர்வுகள் இல்லாத நேர்வழி இருக்கிறது. வளைகுடா நாடுகள் அந்தப் பட்டியலில் இல்லை. ரியாத்தில் பத்து வருஷம் இருந்தேன் என்று சொல்கிற தங்கைகளிடம் இதைச் சொல்வதற்கு எனக்கே கஷ்டமாக இருக்கும்.

நர்ஸ் என்பதால் நர்ஸிங்கைப் பற்றியே பேசுகிறேன். டாக்டர்களுக்கும் கடைசியாக எப்போது வேலை பார்த்தீர்கள் என்ற கேள்வி உண்டு. ஆசிரியர் என்றால், புலம்பெயர்வுக்கான மதிப்பீட்டிலேயே ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் படிக்க, எழுத 7, கேட்க, பேச 8 கேட்கிறார்கள். பி.எட்.டில் மேற்பார்வையோடு குறைந்தது 45 நாள் வகுப்பு எடுத்ததைக் கல்லூரி எழுதித் தரவும் வேண்டும். அந்தக் கடிதத்தையும் ஊரில் இருக்கும்போதே வாங்குங்கள்.

டே கேர் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. "அவ சம்பளம் முழுக்க டே கேருக்கே போயிடும்க்கா, எதுக்கு?" என்று தம்பிகள் கணக்குப் போடுகிறார்கள். ஏன் எப்போதும் அவள் சம்பளத்திலிருந்தே கழிக்கிறீர்கள்? குழந்தை அவளுக்கு மட்டுமா? அந்த வருஷங்களில் அவளுக்கு முதலாளி போட்டிருக்க வேண்டிய 12 சதவீத சூப்பரையும் (ஓய்வுக்கால நிதி) அந்தக் கணக்கில் சேருங்கள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் வேலை தேடுகிற அதே மாதங்களில் அவளுடைய ஆவண வேலையும் ஓடட்டும். வாரத்தில் இரண்டு நாள் குழந்தை டே கேருக்கு, இரண்டு ராத்திரி சமையல் தம்பிக்கு. சாம்பார் கொஞ்சம் தண்ணியாக இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

குடியுரிமையைத் தள்ளிப்போடுவது

பி.ஆர். இருந்தால் போதும், குடியுரிமை எதற்கு என்கிறார்கள். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் போதாது. பி.ஆர். பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் அரசு உதவியுள்ள இடம் கிடைக்கும். ஆனால் ஹெக்ஸ் என்ற அரசுக் கல்விக் கடன் கிடைக்காது (மனிதாபிமான விசாவில் வந்தவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு). கூடப் படிக்கிற குடிமக்கள் பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு வரியோடு கட்டுவார்கள். உங்கள் பிள்ளைக்கு ஒவ்வொரு செமஸ்டரும் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். 2025இல் சட்டம், வணிகப் படிப்புக்கு ஆண்டுக்கு 16,992 டாலர் வரை. நர்ஸிங்குக்கு 4,627.

பொதுவான தகுதி: 4 வருஷம் முறையான விசாவில் இங்கே வசித்திருக்க வேண்டும், அதில் கடைசி 12 மாதம் பி.ஆர். ஆக. நாலு வருஷத்தில் மொத்தம் 12 மாதத்துக்கு மேலும், கடைசி வருஷத்தில் 90 நாளுக்கு மேலும் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது. கல்யாணம், காதுகுத்து என்று ஊருக்குப் போய் மூன்று மாதம் தங்கிவிட்டு வருகிறவர்கள் இந்த 90 நாளில்தான் மாட்டுகிறார்கள். 16 வயதுக்குள் இருந்தால் பிள்ளையைப் பெற்றோர் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் உறுதிமொழி விழாவுக்குக் காத்திருக்க வேண்டும். பிளஸ் டூ வருஷத்தில் ஓடினால் நேரம் பத்தாது.

இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனசு வரவில்லை என்றால் புரிகிறது. "ஊர் நிலம் போயிடுமே" என்ற பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியருக்கான அட்டை) வைத்திருப்பவர் புதிதாக விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வருவதை வைத்துக்கொள்ளலாம்.

ஹாஸ்பிட்டல் கவர்: அந்த 12 மாதம்

31 வயது தாண்டி வந்தவர்கள், முழு மெடிகேர் கிடைத்ததிலிருந்து 12 மாதத்துக்குள் தனியார் ஹாஸ்பிட்டல் கவர் எடுத்துவிட்டால் சாதாரண பிரீமியம். அதற்குப் பிறகு என்றால் 30க்கு மேல் ஒவ்வொரு வயதுக்கும் 2 சதவீதம் கூடுதல். 40 வயதில் எடுத்தால் 20 சதவீதம், அதுவும் தொடர்ந்து 10 வருஷத்துக்கு. கவர் வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். கெடு தெரியாமல் விடாதீர்கள்.

டே கேர் மானியம்

சேர்க்கும் முன்பே விண்ணப்பியுங்கள். பின்தேதியிட்டு 28 நாளுக்குத்தான் தருவார்கள்.

ஆம்புலன்ஸ்

மெடிகேரில் இல்லை. பில் வீட்டுக்கு வரும்.

லைசென்ஸ்

பி.ஆர். என்றால் நியூ சவுத் வேல்ஸில் ஊர் லைசென்ஸுக்கு ஆயுள் 3 மாதம். "பதினைஞ்சு வருஷமா ஓட்டுறேன்க்கா" என்று பயிற்சி இல்லாமல் டெஸ்டுக்குப் போய்த் தோற்றால், ஊர் லைசென்ஸில் ஓட்டும் உரிமையும் அன்றோடு போகும். பிறகு எல் பலகைதான். லேன் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது, கழுத்தைத் திருப்ப வேண்டும். ஸ்டாப் பலகையில் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும்.

தேர்வு வைத்துச் சேர்க்கும் செலக்டிவ் பள்ளிக்கான டியூஷனுக்காகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நிறுத்துவது

இங்கத்திய பிளஸ் டூவான எச்.எஸ்.சி.யில் தமிழும் ஒரு பாடம். அவ்வளவுதான் சொல்வேன்.

அம்மா அப்பாவைக் காப்பீடு இல்லாமல் வரவழைப்பது

பிரசவத்துக்கு அம்மா வருகிறார். விசிட்டர் விசா. இந்தியாவிலிருந்து வருகிறவருக்கு மெடிகேர் கிடையாது, அவசரப் பிரிவில் ஒரு ராத்திரி படுத்தாலும் முழுப் பில்லும் உங்களுடையது. டிக்கெட் போடும் அன்றே காப்பீடும் எடுங்கள். சர்க்கரை, பிரஷர், பழைய ஸ்டென்ட் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். "எழுதினா பிரீமியம் கூடுமாம்" என்று மறைத்தால் கிளெயிமை நிராகரிக்க அவர்களுக்கு அது ஒன்று போதும். மாத்திரை 3 மாத அளவுக்கு மேல் கொண்டுவரக் கூடாது. டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் பெயர் தெளிவாகத் தெரிகிற மாதிரி, அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் வேண்டாம்.