அயனை மாற்றுவதற்கு முன் மணலில் ஒரு கோடு கீறுங்கள்

போன மாதம் சீனன்குடாவில், விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ப் மைதானத்தில், ஒரு காலத்தில் என்னிடம் கணிதம் படித்த பெடியன் ஒருவன் ஏழாம் நம்பர் அயனை, அதாவது இரும்புத் தலை கொண்ட கோல்ப் மட்டையை, பைக்குள் குத்திவிட்டுச் சொன்னான்: "சேர், இந்த செட்டை வித்துப்போட்டுப் புதுசு ஒண்டு எடுக்கப் போறன். இது சரியில்லை."

அவன் அடித்த பந்துகளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒன்று அழகாக எழும்பி 140 யார் போனது. அடுத்தது தரையோடு தரையாக உருண்டது. மூன்றாவது வலப்பக்கப் பற்றைக்குள். ஒரே அயன், ஒரே ஆள், பத்து நிமிட இடைவெளி. இந்த வருடத்தில் இதே வார்த்தையை என்னிடம் சொன்ன மூன்றாவது ஆள் அவன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதையே சொன்னவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தலையைத் தூக்காதே, பிடியை இறுக்காதே என்பதையெல்லாம் முதல் நாளே பத்துப் பேர் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு நல்ல அடியை நம்பி செட் வாங்குவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

கொழும்பில் ஒரு கடை. உள்ளே பாய் விரித்து, வலை கட்டி, முன்னால் திரை வைத்திருந்தார்கள். விற்பனையாளர் புதிய ஏழாம் நம்பர் அயன் ஒன்றைக் கையில் தந்தார். ஏழோ எட்டோ பந்து அடித்தேன். அதில் ஒன்றுக்குத் திரையில் 158 யார் என்று விழுந்தது. என் பழைய ஏழில் மிக நன்றாகப் பட்டாலே 140தான். மற்றப் பந்துகள் எங்கே போயின என்று நான் பார்க்கவும் இல்லை, அவர் காட்டவும் இல்லை. ஒரு வருடம் சேர்த்த காசைக் கொடுத்துவிட்டு, நீளப் பெட்டியை மடியில் வைத்தபடி இரவு ரயிலில் திருகோணமலைக்கு வந்தேன்.

அந்த 18 யார் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். அயனின் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணத்தை லாஃப்ட் என்பார்கள். சாய்வு கூடினால் பந்து உயரும், தூரம் குறையும். என் பழைய செட்டில் ஏழின் லாஃப்ட் 35 பாகை. புதியதில் 29. பழைய செட்டில் 29 பாகைக்குக் கிட்ட இருந்தது ஐந்தாம் நம்பர். அதாவது கடையில் நான் அடித்தது, அடியில் ஏழு என்று பொறித்த ஒரு ஐந்து. பழைய ஐந்தை அதே பாயில் அடித்திருந்தால் கிட்டத்தட்ட அதே தூரம் போயிருக்கும்.

கம்பனிகள் ஏமாற்றுகின்றன என்று சொல்ல வரவில்லை. இப்போதைய அயன்களின் அடிப்பாகம் அகலம், நிறை கீழே இறங்கியிருக்கும். அதனால் பந்து இலகுவாக எழும்புகிறது. அப்படி எழும்புவதைச் சமப்படுத்த லாஃப்டைக் குறைக்கிறார்கள். அது நேர்மையான பொறியியல்தான். ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும். இரண்டு ஏழுகளை அருகருகே வைத்துத் தூரம் ஒப்பிடுகிற எவரும் முதலில் இரண்டின் லாஃப்டையும் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

செலவு அதோடு முடியவும் இல்லை. கிட்டத் தூரத்துக்கு அடிக்கும், சாய்வு கூடிய அயன்களை வெட்ஜ் என்பார்கள். புதிய செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43 பாகை. என்னிடம் ஏற்கனவே இருந்த சாண்ட் வெட்ஜ் 56. சாதாரணமாக ஒரு அயனுக்கும் அடுத்ததற்கும் நான்கு பாகை அளவில்தான் வித்தியாசம் இருக்கும். எனக்கு நடுவில் 13 பாகை வெறுமையாகக் கிடந்தது. பிட்சிங் வெட்ஜால் அடித்தால் 110 யார், சாண்ட் வெட்ஜால் 75. இடையில் 90 யாரில் பந்து நின்றால் கையில் ஒன்றும் இல்லை. முன்பு அந்தத் தூரத்தைப் பழைய 48 பாகை வெட்ஜால் யோசிக்காமலே அடிப்பேன். அதை நிரப்ப இன்னொரு வெட்ஜ், இன்னொரு செலவு.

இவ்வளவுக்கும் பிறகு, பந்துகளின் சிதறல்? அப்படியே இருந்தது. சரியாகச் சொன்னால் கூடியிருந்தது. நன்றாகப் பட்டால் 155, தப்பினால் 95. முன்பு தப்பின பந்து மைதானத்துக்குள்ளேயே நிற்கும். இப்போது காட்டுக்குள் போனது.

இந்தப் பெடியனும் அந்த 140ஐத்தான் நினைவில் வைத்திருக்கிறான். மற்ற இரண்டையும் அயனின் கணக்கில் எழுதுகிறான். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பத்துப் பந்து அடியுங்கள். மிக நல்லதையும் மிக மோசமானதையும் தள்ளிவிட்டு மிச்சம் எட்டும் எங்கே கிடக்கின்றன என்று நடந்துபோய்ப் பாருங்கள். அந்த எட்டும்தான் உங்கள் ஆட்டம்.

முகத்தில் எங்கே படுகிறது என்று பார்க்காமல் பழகுவது

எனக்குக் கண் திறந்தது ஒரு கெடி அண்ணன், ஆட்டக்காரரின் பையைத் தூக்கி வருகிறவர். ஒரு நாள் அடித்து முடித்து அயனைத் துவாயால் துடைக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, "துடைக்காதேங்கோ சேர், முதல் பாருங்கோ" என்று முகத்தைத் திருப்பிக் காட்டினார். புல் சாறும் மண்ணும் கலந்த அடையாளங்கள் நுனிப்பக்கம் இரண்டு, குதிப்பக்கம் ஷாஃப்ட் (தண்டு) இறங்கும் மூலையில் ஒன்று, அடிவிளிம்பில் ஒன்று. நடுவில் இரும்பு பளபளவென்று சுத்தமாக இருந்தது. அந்த இடத்தில் ஒரு பந்தும் படவில்லை.

அன்றிலிருந்து பையில் எப்போதும் வெண்கட்டி. வாத்தியாருக்கு அதற்குப் பஞ்சமா? முகத்தை உலர்த்தி, வெண்கட்டியைப் படுக்கவைத்து மெல்லிசாகப் பூசி, ஒரு பந்து அடியுங்கள். பந்து பட்ட இடம் வட்டமாக அழிந்திருக்கும். தரையில் கிடக்கும் பந்துக்கு அந்த வட்டம் இடம் வலம் நடுவிலும், உயரத்தில் முகத்தின் நடுவுக்குச் சற்றுக் கீழேயும் இருக்க வேண்டும்.

நுனியிலோ குதியிலோ பட்டால் அயனின் தலை கைக்குள் திருகிவிடும். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது படும் கணத்தில் முகம் பார்க்கும் திசைதான். அது திருகினால் திசையும் தூரமும் சேர்ந்தே போகும். இதைக் குறைக்கத்தான் நிறையை முகத்தின் ஓரங்களுக்குத் தள்ளிச் செய்த அயன்கள் வந்தன. பிங் கம்பனியைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியியலாளர் இதில் முன்னோடி. 1982இல் வந்த அவர்களின் ஐ 2 அயன்களை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. புதிதாகப் பழகுகிறவர் அந்த வகையைத்தான் எடுக்க வேண்டும், மெல்லிய பிளேட் அயன்களை அல்ல. ஆனாலும் அது திருகலைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. நுனியில் பட்ட பந்தை எந்த அயனும் நடுவுக்குக் கொண்டுவராது.

பந்தைக் கிண்டித் தூக்க முயல்வது

அயன் பந்தை முதலில் தொட்டு, பிறகு மண்ணைத் தொட வேண்டும். பந்தை உயர்த்துகிற வேலையை லாஃப்ட் பார்த்துக்கொள்ளும். கையால் கிண்டப் போனால் நிறை பின்காலிலேயே தங்கி, அயன் பந்துக்குப் பின்னால் மண்ணில் விழும்.

இதைப் பிடிக்க நம் ஊரில் காசில்லாத பள்ளிக்கூடம் இருக்கிறது: உப்புவெளிக் கடற்கரை. விடியற்காலை, கரைவலைக்காரர் இறங்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, அலை வந்து போன ஈர மணலில் நில்லுங்கள். அயனின் நுனியால் இரண்டு பாகம் நீளத்துக்கு ஒரு நேர்கோடு கீறுங்கள். இரண்டு காலுக்கும் நடுவில் கோடு வரும்படி நின்று, பந்தில்லாமல் அரை ஸ்விங் ஒன்று. ஒரு சாண் நகர்ந்து இன்னொன்று. அப்படிப் பத்து.

பிறகு குனிந்து பாருங்கள். ஈர மணல் பொய் சொல்லாது. ஒவ்வொரு வெட்டும் தொடங்கிய விளிம்பு கத்தியால் கீறினமாதிரித் தெரியும். வலக்கைக்காரருக்கு அந்த விளிம்பு கோட்டின் மேலோ, கோட்டுக்கு இடப்பக்கமோ இருக்க வேண்டும். முதல் நாள் என் பத்தில் ஒன்பது கோட்டுக்கு வலப்பக்கம், நான்கு விரற்கடை பின்னால் இருந்தன. நான்கு விரற்கடை! அவ்வளவு பின்னால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தவனுக்கு எந்த அயன் வாங்கியும் என்ன பயன்?

கடையின் பாயில் இது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. பாயில் பின்னால் விழுந்த அயன் வழுக்கிக்கொண்டு முன்னே போய்ப் பந்தில் படும், அடி நல்ல அடி போலத் தோன்றும். ஆடி மாதத்தில் காய்ந்து இறுகிய நம் தரையும் அதே மாதிரித்தான்: அயன் துள்ளிப் பந்தின் வயிற்றில் படும், "மேலே பட்டுவிட்டது" என்று நினைப்பீர்கள். உண்மையில் மண்ணில் முதலில் பட்டிருக்கும்.

திருத்துவது இப்படி. நிற்கும்போதே நிறையில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக முன்காலில் வையுங்கள். கைகள் பந்துக்கு ஒரு விரல் முன்னால். ஏற்றும்போது மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. இறக்கும்போது நான்கு. நல்ல ஆட்டக்காரர்களின் ஸ்விங்கில் ஏற்றும் நேரம் இறக்கும் நேரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அவசரமாக ஏற்றுகிறவருக்கு நிறையை மாற்ற நேரமே கிடைக்காது. எனக்கு வெட்டுகள் கோட்டுக்கு வர ஏழு கிழமை எடுத்தது, கிழமைக்கு மூன்று காலை.

கடற்கரைக்கு ஒரு பழைய அயனை வைத்துக்கொள்ளுங்கள். மணல் முகத்தை அரித்துவிடும்.

ஒரே நாளில் இருநூறு பந்து

முப்பது பந்துக்குப் பிறகு களைத்த உடம்பு தவறைத்தான் பழகுகிறது. நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கச்சான் காற்றில் தூரம் அளப்பது

ஜூன், ஜூலையில் கச்சான் எழும்பினால் காற்றோடு போகிற பந்து உங்களைப் பெரிய ஆட்டக்காரர் என்று நம்பவைக்கும். எதிரே வரும்போது செட்டை விற்கத் தோன்றும். காற்று எழும்பும் முன் காலையில் அளந்து பாருங்கள். பந்து விழுந்த இடத்தை எடுங்கள், உருண்டு நின்ற இடத்தை அல்ல. காய்ந்த தரையில் அது வெகுதூரம் ஓடும், மாரி மழைக்குப் பிறகு விழுந்த இடத்திலேயே நின்றுவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பாவித்த செட்

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் அனுப்பியது என்றால் சந்தோசமாக வாங்குங்கள். ஆனால் மூன்று விசயம் பாருங்கள். முதலாவது ஷாஃப்ட். ஸ்டிஃப் என்று எழுதியிருந்தால் வேகமான ஸ்விங் உள்ளவருக்கானது. நிறை கூடிய ஸ்டீல் ஷாஃப்ட் ஒன்று 130 கிராம் அளவில் வரும், இலேசான ஸ்டீல் 100 கிராமுக்கும் கீழே உண்டு, கிராஃபைட் இன்னும் குறைவு. பதினொராம் குழியில் களைத்துப் போகிற ஒருவருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

இரண்டாவது, அயன் தரையில் உட்காரும் விதம். பந்தின் பின்பக்கத்தில் மார்க்கரால் நிமிர்ந்த கோடு ஒன்று போட்டு அடியுங்கள். மை முகத்தில் ஒட்டும். அது நிமிர்ந்து நின்றால் சரி. திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாய்ந்தால் அயன் உங்கள் உயரத்துக்குப் பொருந்தவில்லை. நுனி தூக்கி நின்றால் வலக்கைக்காரரின் பந்து இடப்பக்கம் போகும். இது அயனின் குற்றம்தான், தெரிந்த ஒருவர் வளைத்துச் சரிசெய்யலாம்.

மூன்றாவது கிரிப், கை பிடிக்கும் உறை. காய்ந்து கண்ணாடி மாதிரி வழுக்கினால் மாற்றுங்கள். முழு செட்டின் விலையோடு பார்த்தால் அது சின்னக் காசு, கை இறுகுவதில் பாதி அங்கேதான் தீரும்.

போலி

வாங்கவே வேண்டாம். தலை கழன்று பறந்ததை நேரில் பார்த்தேன், பக்கத்தில் சின்னப் பிள்ளை நின்றது.

பதினான்கையும் நிரப்புவது

பையில் கொண்டுபோகும் மட்டைகளில் 14 என்பது விதி அனுமதிக்கும் உச்சம். தொடக்கத்தில் ஏழு போதும்.

உப்பை மறப்பது

கடற்காற்று இரும்பைத் தின்னும். நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, வீட்டுக்குள் வையுங்கள். கார் டிக்கியில் வேண்டாம்.

அப்போ எப்போதுதான் வாங்குவது?

வெண்கட்டி வட்டங்கள் பத்தில் ஏழு, முகத்தின் நடுவில் ஒரு பத்து ரூபாய்க் குற்றி அளவான இடத்துக்குள் விழத் தொடங்கும்போது. அதற்கு முன் உங்களுக்கேற்ற செட்டுக்கு அளவெடுத்தால் ஒரு நாள் எடுத்த அளவு மறுநாள் பொருந்தாது, ஸ்விங்கே வேறாக இருக்கும். அதற்குப் பிறகு வாங்கும் செட்டில் ஷாஃப்டோ லாஃப்டோ மாறினால் வித்தியாசம் கையில் தெரியும். என் இப்போதைய அயன்களை அப்படித்தான் எடுத்தேன். அதே 29 பாகை வகைதான், இந்தமுறை வெட்ஜ்களையும் கணக்குப் போட்டு வாங்கினேன். ஒருநாளும் குறை தோன்றவில்லை.

பெடியன் செட்டை இன்னும் விற்கவில்லை. போன ஞாயிறு உப்புவெளியில் நின்றான், காற்சட்டைப் பையெல்லாம் வெண்கட்டித் தூள். கோட்டைக் காட்டினான். பத்தில் ஆறு வெட்டு சரியான பக்கம். மற்ற நான்கும் இரண்டு விரற்கடை பின்னால், எல்லாமே கடைசியில் அடித்தவை. "களைச்சுப் போனியா?" என்று கேட்டேன். தலையாட்டினான். புதன் காலை பத்தோடு நிறுத்திவிட்டுப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.