ஸ்பைரோமெட்ரி: எண்ணுக்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்

ஒருவர் எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாக ஊதுகிறார் என்று அளக்கும் நுரையீரல் சோதனைதான் ஸ்பைரோமெட்ரி. சரியாக ஊதப்படாத சோதனைக்கும் அதற்கான கருவியான ஸ்பைரோமீட்டர் எண்களை அச்சிட்டுத் தரும் என்பதால், நம்பத்தக்க அறிக்கை ஊதவைக்கும் பணியாளரின் கையில்தான் இருக்கிறது. அன்றாடம் முதல் வேலையாக 3 லிட்டர் சிரிஞ்சால் கருவியைச் சரிபார்க்க வேண்டும். அளவு 3 விழுக்காட்டுக்கு மேல் விலகினால், காரணம் கண்டு சரிசெய்யும்வரை யாரையும் ஊதச் சொல்லக் கூடாது.

உயரத்தைக் கேட்டு எழுதாமல், செருப்பைக் கழற்றச் சொல்லி அளக்க வேண்டும். கூன் விழுந்தவர்களுக்குக் கைகளை விரித்து அளந்து கணிக்கலாம். மதுரை கண் சிகிச்சைக்குப் பெயர்போன ஊராகையால், கடந்த ஒரு வாரத்துக்குள் கண் அறுவை நடந்ததா என்பதைத் தவறாமல் விசாரிப்பது நல்லது. காசநோய் ஐயமோ சளியில் இரத்தமோ இருந்தால் சோதனையைத் தள்ளிவைக்க வேண்டும்.

நிமிர்ந்து உட்காரவைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, இறுக்கமான வேட்டியையோ பெல்ட்டையோ தளர்த்தச் சொல்லி, முதலில் நாமே ஊதிக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. மூச்சை முழுமையாக இழுத்தவர், துளியும் தயங்காமல் முழு வேகத்தில் ஊத வேண்டும்; பெரும்பாலோர் இரண்டு மூன்று நொடிகளில் நிறுத்திவிடுவார்கள் என்பதால், "ஊதுங்க, ஊதுங்க, விடாம ஊதுங்கய்யா" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி ஒரு நொடியில் வெளிவரும் காற்று 25 மில்லிலிட்டருக்கு மிகாமல் கோடு சமதளமாகும்வரையோ, 15 நொடிகள்வரையோ ஊதுதல் நீள வேண்டும். முதல் நொடிக்குள் இருமல் வந்திருந்தால், முதல் நொடிக் காற்றின் அளவை ஏற்கக் கூடாது. ஏற்கத்தக்க மூன்று முயற்சிகள் கிடைத்து, அவற்றுள் சிறந்த இரண்டின் வேறுபாடு 150 மில்லிலிட்டருக்குள் இருந்தால் போதும். பெரியவர்களுக்கு எட்டு முயற்சிகளுக்கு மேல் வேண்டாம்.

பொருள்கொள்ளும்போது, முதல் நொடிக் காற்றுக்கும் மொத்தமாக ஊதிய காற்றுக்கும் உள்ள விகிதத்தை முதலில் பார்க்க வேண்டும்; அது குறைந்தால் மூச்சுக்குழாய் அடைப்பு என்று பொருள். 0.7 என்ற ஒரே எல்லையை எல்லா வயதினருக்கும் வைத்தால் முதியவர்களை வீணாக நோயாளியாக்கி, இளைஞர்களின் அடைப்பைத் தவறவிடுவோம். அந்தந்த வயதுக்குரிய கீழ் எல்லையே மேலானது. விகிதம் சரியாக இருந்து மொத்தக் காற்று மட்டும் குறைந்தால், நுரையீரல் சுருக்கம் என்று ஐயப்படலாமே தவிர, முழுக் கொள்ளளவை அளக்காமல் உறுதிசெய்ய முடியாது. மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரித் தொழிலாளிக்கு எல்லா எண்களும் இயல்பாக இருந்தாலும், கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் தொடக்கநிலையில் இல்லை என்று பொருளாகாது. மார்பு எக்ஸ்ரேயும் வேண்டும்.

அடைப்பு மருந்துக்கு இளகுகிறதா என்று பார்க்க, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம் அளவு ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வழியாகக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதவைக்க வேண்டும். முதல் நொடிக் காற்றோ மொத்தக் காற்றோ, அவரைப் போன்றவருக்கு எதிர்பார்க்கும் அளவில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடினால் மருந்துக்குப் பலன் உண்டு என்பது 2021-இல் வந்த வரையறை. பழைய அறிக்கையோடு ஒப்பிடும்போது லிட்டர் கணக்கையே ஒப்பிட வேண்டும். இடையில் கருவியின் ஒப்பீட்டு அட்டவணை (எதிர்பார்க்கும் அளவுகளின் பட்டியல்) மாறியிருந்தால், நுரையீரல் அப்படியே இருக்க விழுக்காடு மட்டும் மாறிவிடும்.