பழைய காரின் டிஸ்ட்ரிபியூட்டர்: எண்ணைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்

சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பங்கிட்டு அனுப்பும் பாகம் டிஸ்ட்ரிபியூட்டர். உதிரிபாகம் தேடக் கிளம்புமுன் அதன் உடலை மண்ணெண்ணெய் விட்டுத் துடையுங்கள். லூகாஸ் (பிரிட்டிஷ் நிறுவனம்) வகையில் 25டி4, 45டி4 என்று மாடல் பெயர் இருக்கும். அதன் அருகிலேயே 5 இலக்க எண்ணும், தயாரான வாரமும் ஆண்டும் அடித்திருக்கும். மாடல் பெயரின் கடைசியில் வரும் 4 அல்லது 6 சிலிண்டர் எண்ணிக்கை. கேப் (மேல் மூடி), ரோட்டார் (அதனுள் சுழன்று ஸ்பார்க்கைப் பங்கிடுவது), பாயின்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் தொடுமுனை), கண்டென்சர் (பாயின்ட்டில் பொறியைக் குறைக்கும் கெப்பாசிட்டர்) வாங்கப் பெரும்பாலும் மாடல் பெயர் போதும். உள்ளே எந்த ஸ்பிரிங், எந்த வேக்குவம் யூனிட் (எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்துவது) என்பதை அந்த 5 இலக்க எண்தான் சொல்லும். வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர்களில் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) முன்னேறும் விதம் முற்றிலும் வேறாக இருக்கலாம். மாற்றிப் போட்டால் ஒரு எஞ்சினில் இழுவை குறையும், இன்னொன்றில் நாக்கிங் (எஞ்சினுள் தட்டும் சத்தம்) வரும்.

லூகாஸ் வேக்குவம் யூனிட்டில் 5-17-8 போல மூன்று எண்கள் இருக்கும். 5 அங்குலப் பாதரச உறிஞ்சலில் நகரத் தொடங்கும், 17-ல் முழுதாக நகர்ந்திருக்கும், மொத்த நகர்வு 8 டிகிரி என்று பொருள். இது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி, எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டில் அளந்தால் இரட்டிப்பு. குழாயில் உறிஞ்சி, நுனியை விரலால் அடைத்துப் பாருங்கள். பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு (பேஸ் பிளேட்) நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பினால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

அடுத்து ஷாஃப்ட். இதில் ஆட்டம் இருந்தால் புதிதாக எதை மாட்டினாலும் காசுக்குக் கேடு. ஒவ்வொரு சுற்றிலும் பாயின்ட் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். கையால் ஆட்டிப் பார்ப்பதைவிட, பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தைக் (டுவெல்) காட்டும் டுவெல் மீட்டரை நம்புங்கள். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலிங்கிலிருந்து 2000 சுற்று வரை ஏற்றுங்கள். 25டி4-க்கு 60 டிகிரி, கூடக்குறைய 3. அளவு அதற்கு மேல் அலைந்தால் ஷாஃப்ட் சுழலும் உறையான புஷ் தேய்ந்துவிட்டது. புது புஷ் துளையுள்ள வெண்கலம். ஒரு நாள் முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறவைத்துப் பிறகு அடியுங்கள். அடித்தபின் ரீமர் (துளையைப் பெரிதாக்கும் கருவி) போட்டுக் கடைந்தால் எண்ணெய் கசியும் நுண்துளைகள் அடைபட்டுப்போகும்.

பிரிக்கும்போது இரண்டு இடங்களில் பலரும் தவறுகிறார்கள். ஒன்று, வேகம் கூடக்கூட டைமிங்கை முன்னேற்றும் கவர்னர் வெயிட்டின் ஸ்பிரிங்குகள். பல மாடல்களில் ஒன்று மெல்லியது. மற்றது தடித்தது, அதன் கண்ணி நீண்டு தொளதொளவென்று இருக்கும். அந்தத் தொளதொளப்பு பழுதல்ல. வேகம் கூடியபின்தான் அது பிடிக்க வேண்டும். அதை மடக்கி இறுக்கினால் டைமிங் முன்னேறுவது கெட்டுவிடும். இரண்டு, பாயின்ட்டைத் திறக்கும் மேடுகள் கொண்ட, மேலே உள்ள கேமை 180 டிகிரி திருப்பியும் மாட்ட முடியும். கீழே எஞ்சினோடு கோத்துக்கொள்ளும் டிரைவ் டாக் நடுவிலிருந்து விலகி இருப்பதால் எஞ்சினில் ஒரே விதமாகத்தான் உட்காரும். ஆகவே கேமைக் கழற்றுமுன் ரோட்டார் வெட்டு டாக்கின் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

புது பாயின்ட்டின் முகத்தில் துருத் தடுப்புப் பூச்சு இருக்கும். ஸ்பிரிட் துணியால் துடைக்காமல் மாட்டினால் ஸ்பார்க் வராது. 25டி4-ல் கண்டென்சர் வயரும் காயில் (ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தம் தருவது) வயரும் பாயின்ட் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், நடுவிலுள்ள ஸ்டட்டைத் தொடக்கூடாது. பிளாஸ்டிக் புஷ் இருப்பது அதற்காகத்தான். வாஷர் வரிசை மாறினால் எல்லாம் எர்த் ஆகி வண்டி செத்துவிடும். பேஸ் பிளேட்டின் எர்த் வயரையும் வளைத்துப் பாருங்கள். தட்டு ஓயாமல் அசைவதால், துணி உறைக்குள் கம்பி அறுந்திருந்தும் வெளியே நன்றாகத் தெரியும்.

கேம் மேட்டில் பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி வையுங்கள். குழி விழுந்த பாயின்ட்டில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) பொய் சொல்லும். இடைவெளி வைத்த பிறகுதான் டைமிங்: டுவெல் 1 டிகிரி மாறினால் கிராங்கில் டைமிங்கும் 1 டிகிரி மாறும். கேமில் மெல்லிய கிரீஸ் பூச்சு, பாயின்ட் அச்சில் ஒரு சொட்டு, ரோட்டாருக்கு அடியில் தெரியும் ஸ்க்ரூவின் தலையில் இரண்டு மூன்று சொட்டு ஆயில். கேம் காய்ந்திருந்தால் கேமில் உரசும் பாயின்ட்டின் குதிகால் தேய்ந்து, இடைவெளி சுருங்கி, டைமிங் பின்வாங்கும்.

சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டியில் முதலில் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். பாயின்ட்டில் பெரிய நீலப் பொறி பறப்பதும் அதன் அடையாளம். அளவு ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட். பழைய இருப்பிலிருந்து எடுத்த கேப், ரோட்டார், பாயின்ட் எல்லாம் ஈரம் படாதிருந்தால் தாராளமாக வாங்கலாம்; கண்டென்சர் மட்டும் வேண்டாம், அலமாரியிலேயே கெட்டுப்போகும். 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டரை காயிலின் பாயின்ட் முனைக்கும் எர்த்துக்கும் இடையில் இணைத்தாலும் வேலை நடக்கும்.

ரோட்டாரில் பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்த மலிவு வகையைத் தவிருங்கள். ரிவெட்டின் அடிப்பகுதி ஷாஃப்ட்டுக்கு மிக அருகில் வந்துவிடுவதால் மின்சாரம் உள்ளாகவே எர்த்துக்குத் துளைத்துப் போகும். சோதிக்க, காயிலின் நடு வயரை ரோட்டார் தகட்டுக்கு 3 மி.மீ. மேலே காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, பாயின்ட்டை மூடித் திறவுங்கள். தொடர்ந்து பொறி பாய்ந்தால் ரோட்டார் கசிகிறது, தூக்கி எறியுங்கள். கேப்பின் உள்ளே கார்பன் பிரஷ் அழுத்தினால் எழும்ப வேண்டும். பென்சிலால் கீறியதுபோல் கறுப்புக் கோடு தெரிந்தால் அதைச் சுரண்டிச் சரிசெய்ய முடியாது.

பழைய டிஸ்ட்ரிபியூட்டரை முழுதாக விற்கக் கண்டால், ஷாஃப்ட் ஆடாததும் கேம் தேயாததுமாக இருந்தால் வாங்கி வையுங்கள். கேப் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. சுழலும் திசையை மட்டும் சரிபாருங்கள். நீண்ட பயணத்துக்கு எடுத்துப் போகும் கண்டென்சரும் ரோட்டாரும், ஒருமுறை எஞ்சினில் மாட்டி நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிப் பார்த்துக் கழற்றி வைத்தவையாக இருக்கட்டும்.